அரை நாள், ஒரே இடம், நாற்பது பிள்ளைகள்: பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கும் மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நெருங்கினாலே பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு கிளம்பிவிடும். எட்டாம் வகுப்பை எங்கே கூட்டிப்போவது, தலைக்கு எவ்வளவு வாங்குவது, பேருந்து யாரிடம் எடுப்பது என்று ஆசிரியர் அறையில் விவாதம் ஓடும். எல்லாம் முடிவாகிவிட்ட பிறகு சொல்லிப் பயனில்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன். இந்த ஆண்டு பிள்ளைகளைச் சுற்றுச்சூழல் கல்வி தரும் ஓர் இடத்துக்கு அழைத்துப் போக எண்ணியிருந்தால், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் போங்கள். அரை நாளை முழுசாக அங்கேயே செலவிடுங்கள். ஒரு தடவைக்கு நாற்பது பேர் போதும்.

நான் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. நம் பள்ளிச் சுற்றுலாக்களின் வழக்கமான நிரல் உங்களுக்கும் தெரியும். விடியற்காலையில் கிளம்பி, முதலில் கிண்டி பாம்புப் பண்ணை, அடுத்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முதலைப் பண்ணை, மாமல்லபுரத்தில் சாப்பாடு, கற்கோயில்கள், கடற்கரை, மாலையில் ஒரு தீம் பார்க். இரண்டு மூன்று பேருந்துகளில் நூற்றைம்பது பேர். ஒவ்வோர் இடத்திலும் ஆசிரியர்களின் வேலை தலையை எண்ணுவதும் விசில் ஊதுவதும்தான். மறுநாள் வகுப்பில் கேட்டால் ராட்டினத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை. நின்று பார்க்க நேரம் கிடைத்த இடம் அவர்களுக்கு அது ஒன்றுதான்.

தீம் பார்க் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் கூத்தடிக்க ஒரு நாள் வேண்டும்தான். அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு சேர்த்துக் கட்டும்போது, காலையில் பார்த்த இடங்கள் எல்லாம் சீக்கிரம் முடிக்க வேண்டிய கடமை ஆகிவிடுகின்றன.

முதலைப் பண்ணையையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் முதலைகள் அழியும் நிலைக்குப் போயிருந்த காலத்தில், 1976-இல், ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடன் இருந்தவர்களும் வடநெம்மேலியில் தொடங்கியது அது. நாம் கூட்டிப்போகும் பிள்ளைகள் முதலை வாயைத் திறந்திருப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அதே வளாகத்தில்தான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் உருவானது. பாம்புத் தோல் வணிகம் தடை செய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த மக்கள், தங்கள் அறிவைக் கொண்டே உயிர் காக்கும் தொழிலுக்கு வந்த கதை அது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளையும் பிடித்து, நஞ்சை எடுத்துவிட்டு, மறுபடி காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் அதுதான் பாம்புக்கடி மருந்து. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் அந்தக் குப்பியின் தொடக்கம் இங்கே இருக்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது முழுசாகப் புரியும். ஆனால் சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும், அவர்கள் கேள்வி கேட்க இன்னொரு மணி நேரம் வேண்டும். மாமல்லபுரத்தில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்போது அதற்கு எங்கே நேரம்?

நகரத்துக்குள்ளேயே வேண்டுமென்றால் அடையாற்று முகத்துவாரத்தில் தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து, நம் கடற்கரைப் பகுதிக்கே உரிய மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். கெட்டுப்போன இடத்தை மீட்க முடியும் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அது நல்ல இடம். கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் வேடந்தாங்கல் இருக்கிறது. பறவைகளைச் சுடவிடாமல் தடுத்த கிராமத்தார் 1798-இலேயே கலெக்டர் லயனல் பிளேஸிடம் எழுத்துப்பூர்வமான அங்கீகாரம் வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கரைந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அங்கே உள்ள விவசாயிகளே பிள்ளைகளுக்குச் சொல்வார்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், தென்சென்னைப் பக்கமுள்ள பள்ளிகளுக்குப் பள்ளிக்கரணையைத்தான் சொல்வேன்.

காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம் அது. பெரும்பகுதி கட்டடமாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டது. எஞ்சியதைச் சேர்த்து சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022-இல் ராம்சார் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 20 ராம்சார் தளங்கள் இருக்கின்றன, நாட்டிலேயே அதிகம். மற்ற தளங்களில் பிள்ளைகள் அழகை மட்டும் பார்த்துவிட்டு வர முடியும். பள்ளிக்கரணையில் அது முடியாது. 2021-இல் திறந்த சூழல் பூங்காவின் நடைபாதையில் நின்றாலே பூநாரையும் ஐடி கட்டடமும் குப்பைமேடும் இருநூறு அடிச் சாலையும் அடுத்தடுத்துக் கண்ணில் படும். பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகப் படித்தவை எல்லாம் அங்கே ஒரே இடத்தில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

அப்புறம், அது நம் பிள்ளைகளின் சொந்தக் கதை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஏறியதை மறக்காத பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். மேலே உள்ள ஏரிகள் நிரம்பி, வழிந்து, சதுப்புக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டிய நீர் அது. வழி குறுகினால் அது எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பாதி பதில் தெரியும். மீதியை அவர்களே கண்டுபிடிக்க ஓர் அரை நாள் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, எப்படித் திட்டமிடுவது? எங்கள் மன்றத்தில் நாங்கள் செய்து பார்த்துப் பலன் கண்டதைச் சொல்கிறேன்.

முதல் வேலை, பொறுப்பாசிரியர் ஒருவர் முன்கூட்டியே அந்த இடத்துக்குப் போய்வர வேண்டும். தொலைபேசியில் பேசி முடிக்கிற காரியம் இல்லை இது. வண்டி எங்கே நிற்கும், திரும்ப இடம் இருக்கிறதா, நிழல் எங்கே, நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட முடியுமா, குடிநீர் வருகிறதா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், சக்கர நாற்காலி போகுமா என்று நடந்தே பார்க்க வேண்டும். வார விடுமுறை எந்த நாள், குழுவாக வந்தால் அனுமதிக் கடிதம் யாருக்கு எழுத வேண்டும், காலையில் சீக்கிரம் உள்ளே விடுவார்களா என்பதையும் நேரிலேயே பேசிவிடுவது நல்லது. பறவைகளுக்காகப் போகிறீர்கள் என்றால் இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஒன்பதரை மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் பறவைகளும் அடங்கிவிடும், பிள்ளைகளும் சோர்ந்துவிடுவார்கள்.

கழிப்பறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பெண் பிள்ளைகள் சுற்றுலா என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயம். மாதவிடாய் நாள் என்றால் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், காரணமும் சொல்வதில்லை. எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கழிப்பறைக்கு நிறுத்துவோம் என்பதை முந்தின நாளே எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். ஓர் ஆசிரியையின் பையில் நாப்கின் இருக்கிறது என்று பெண் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இவ்வளவு செய்தாலே வரும் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

தேதி விஷயத்தில் ஒரு கருத்து. அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம், பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். எல்லாப் பள்ளிகளும் அந்த நாட்களில்தான் கிளம்புகின்றன. கூட்டத்தில் வழிகாட்டிக்கு உங்கள் பிள்ளைகளிடம் நின்று பேச நேரம் இருக்காது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வேறு எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு, ஜனவரி மூன்றாம் நான்காம் வாரத்தில் ஒரு சாதாரண வேலை நாளை எடுங்கள். வலசைப் பறவைகள் அப்போது இங்கேதான் இருக்கும், வெயிலும் கடுமையாக இருக்காது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முடிந்த சமயம் என்பதால், நம் பகுதி நீர்நிலைகளில் என்னென்ன தென்பட்டன என்ற பட்டியலையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

போவதற்கு முந்தைய வாரம் ஒரு பாடவேளை போதும். மாவட்ட வரைபடத்தை விரித்துப் பள்ளியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்து ஏரியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று விரலால் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். பறவைகளில் ஒரு பத்து மட்டும் படத்தோடு அறிமுகம் செய்தால் போதும். நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான், கூழைக்கடா, பாம்புத்தாரா, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, நீளவால் இலைக்கோழி, பூநாரை, ஊசிவால் வாத்து. பெயர் தெரிந்த பறவையைக் கண்ணால் பார்க்கும்போது பிள்ளை முகத்தில் வரும் மலர்ச்சியைப் பார்த்தவர்களுக்கு இந்த ஒரு பாடவேளையின் அருமை புரியும்.

அன்று நாற்பது பேரையும் எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே வேலை. ஒரு குழு பறவைகளை எண்ணட்டும். ஒரு குழு சம்பும் கோரையும் எங்கே இருக்கின்றன, ஆகாயத்தாமரை எங்கே மூடிக் கிடக்கிறது என்று வரைந்து குறிக்கட்டும். ஒரு குழு, அந்த இடத்தை நடத்தும் மையத்தின் அனுமதியோடு, ஆசிரியர் எடுத்துத் தரும் நீரின் அமிலத்தன்மையை நிறம் மாறும் சோதனைத் தாளில் பார்க்கட்டும். ஒரு குழு தார்ச் சாலை ஓரத்திலும் மர நிழலிலும் நீர் ஓரத்திலும் வெப்பநிலையைக் குறிக்கட்டும். ஒரு குழு கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் ஒலிகளை மட்டும் கேட்டு எழுதட்டும். பார்வைக் குறைபாடு உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால், இந்தக் கடைசிக் குழுவுக்கு அந்தப் பிள்ளையே தலைமை தாங்கலாம். தொலைநோக்கி குழுவுக்கு ஒன்று இருந்தால் தாராளம். பறவை ஆர்வலர் அமைப்புகளிடம் கேட்டால் இரவல் தருகிறவர்கள் உண்டு.

தயவுசெய்து அறிவிப்புப் பலகையைப் பார்த்து நிரப்பும் தாளைக் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் பிள்ளைகள் பலகையைவிட்டு நகரமாட்டார்கள். பின்னால் கூழைக்கடா இறங்கினாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பலகையில் விடை இல்லாத ஒரு கேள்வி போதும். இந்த நீர் எங்கிருந்து வருகிறது, இங்கே ஏன் தங்குகிறது, அடுத்து எங்கே போகும்? அதை வைத்தே காலை முழுவதும் ஓடிவிடும்.

மையங்களை நடத்துகிறவர்களிடமும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உங்கள் வழிகாட்டிகள் பலரும் நிறையத் தெரிந்தவர்கள். ஆனால் ஒலிபெருக்கியில் இருபது நிமிடம் மூச்சுவிடாமல் பேசிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில், மெதுவாக, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடையாகச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசினாலும் போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. 2022 அக்டோபரில் எர்ணாகுளம் பக்கத்திலிருந்து ஊட்டிக்குப் புறப்பட்ட பள்ளிச் சுற்றுலாப் பேருந்து, வடக்கஞ்சேரி அருகே நள்ளிரவில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் வேகம். இறந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் மாணவர்கள். இரவுப் பயணம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். ஒரே நாளில் ஐந்து இடம் என்று திட்டமிடும்போதுதான் விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு திரும்ப வேண்டியிருக்கிறது. ஓட்டுநரும் பதினைந்து மணி நேரம் விழித்திருக்க வேண்டியிருக்கிறது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகுச் சவாரியையும் நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். வண்டியின் தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் கையில் வாங்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெற்றோர் ஒப்புதல் கடிதத்தில் வீசிங், வலிப்பு, ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்க ஒரு வரி சேருங்கள். எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் போதவில்லை என்றால் மேலாண்மைக் குழுவிலிருந்து அம்மாக்கள் வரட்டும். அவர்களுக்கும் அந்தச் சதுப்பைப் பார்க்க உரிமை இருக்கிறது.

அடுத்தது பணம். மேலாண்மைக் குழுத் தலைவர்களே, இது உங்கள் கையில் இருக்கிறது. தலைக்கு எண்ணூறு, ஆயிரம் என்று வாங்கும் சுற்றுலாவில் வகுப்பில் பாதிப் பேர்தான் பேர் கொடுக்கிறார்கள். மீதிப் பேர் அன்று பள்ளிக்கு வந்து, பூட்டாத ஒரு வகுப்பறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில், பணம் கட்டாதவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அரை நாள், பக்கத்து இடம் என்று வைத்தால் செலவு வண்டி வாடகையோடு நின்றுவிடும். பகுதியில் உள்ள முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் அதைக் கொடுப்பார்கள். வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு முறையில் போய்வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்மானம் போடுங்கள். வண்டிக்கும் வழியில்லை என்றால் உங்கள் ஊர் ஏரிக்கு நடந்து போங்கள். மேலே சொன்ன ஐந்து குழுக்களும் அங்கேயும் அதே வேலையைச் செய்யலாம்.

சாப்பாடு வீட்டிலிருந்து சில்வர் டப்பாவில் வரட்டும். சிப்ஸ் பாக்கெட்டும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம். சதுப்பைப் பற்றிப் படிக்கப் போய் அங்கேயே குப்பை போட்டுவிட்டு வருவது எந்த விதத்திலும் சரியில்லை. பேருந்தில் பாட்டுப் போடுவது பிள்ளைகள் சந்தோஷம், அதைத் தடுக்க வேண்டாம். மையம் நெருங்கும்போது மட்டும் நிறுத்திவிடுங்கள். உடை பளிச்சென்ற சிவப்பு, வெள்ளையாக இல்லாமல் இருந்தால் பறவைகள் கொஞ்சம் நெருங்கிவரும்.

“இவ்வளவு தூரம் போய் ஒரே இடமா?” என்று பெற்றோர் கேட்பார்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பிள்ளை திரும்பி வந்ததும் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினால் இதே மாதிரி நடத்துகிறோம், இல்லையென்றால் பழையபடி மாற்றிக்கொள்கிறோம். இதுவரை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 1991-இல். பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை நடத்தும் தேசியப் பசுமைப் படை தொடங்கியே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பாடம் புத்தகத்துக்குள் வந்துவிட்டது, மன்றத்தின் பெயர்ப் பலகையும் மாட்டியாகிவிட்டது. சேற்றின் வாசனையும் சம்புப் புல்லின் உரசலும் இன்னும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. பள்ளிக்கரணையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் படித்துவிட்டு, ஒரு நாள்கூட அதற்குள் கால்வைக்காமல் பத்தாம் வகுப்பை முடித்துப் போகிறவர்கள் ஏராளம். எனக்கு இது பெரிய வருத்தம்.

திரும்பி வந்த வாரத்தில் இரண்டு பாடவேளைகளை இதற்கே ஒதுக்குங்கள். ஐந்து குழுக்களும் தங்கள் கணக்குகளை ஒரே வரைபடத்தில் ஏற்றட்டும். எந்தக் கணக்கு எதோடு ஒத்துப்போகிறது, எது முரண்படுகிறது என்று அவர்களே வாதிடட்டும். பிறகு அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். வரைபடத்தைச் சுவரில் மாட்டி, நம் ஏரியின் உபரி நீர் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று பெற்றோருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அவர்கள் காட்டட்டும்.

இந்த மாதக் கூட்டத்தின் நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேருங்கள்: இடம் ஒன்று, ஜனவரியில் ஒரு வேலை நாள், பொறுப்பாசிரியர் ஒருவர், முன்கூட்டியே போய்வர அவருக்கு ஒரு நாள் மாற்றுப்பணி. அனுமதிக் கடிதத்தை டிசம்பர் முதல் வாரத்திலேயே அனுப்பிவிட்டால் நீங்கள் கேட்கும் நாள் கிடைக்கும்.

அன்புடன்,
ஓர் அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர்